ஓலைக்கும் பாறைக்கும் ஒரு கணினி

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் உள்ள மேல்சித்தாமூரில்தான் தமிழ்நாட்டுத் திகம்பர சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலும், பாறையில் செதுக்கிய புடைப்புச் சிற்பங்களைக் கொண்ட மல்லிநாதர் கோயிலும் அதே ஊரில். மடத்தில் ஓலைச்சுவடிகள் உண்டு. அகலூர், வீடூர், பெரமண்டூர் என்று சுற்றுவட்டாரச் சமண ஊர்களில் எந்த வீட்டுப் பரணில் இன்னும் எத்தனை கட்டுகள் கிடக்கின்றனவோ. 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அந்த நூலைத் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்த சமணர்களிடம் கேட்டுத்தான் பல இடங்களுக்குப் பொருள் தெளிந்தார். அப்படிக் காத்துவந்தவர்களின் வழிவந்தவர்களிடம் மிச்சம் இருப்பதைப் படமெடுத்து வைப்பது இந்தத் தலைமுறையின் வேலை என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த வேலையில் யார் இறங்கினாலும் கேமராவுக்கு அடுத்தபடியாக ஒரு கேள்வி வந்து நிற்கும். கம்பெனிக் கணினியை முழுசாக வாங்குவதா, பாகங்களைத் தேர்ந்தெடுத்து அசெம்பிள் செய்வதா? பெரும்பாலும் இதை விலையை வைத்துத் தீர்க்கிறார்கள். அசெம்பிள் செய்தால் மலிவு, பிராண்டட் என்றால் நிம்மதி என்ற இரண்டு வாக்கியங்களில் பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டும் பாதி உண்மைதான். செய்யப்போகும் வேலை கணினியின் எந்த உறுப்பை வருத்தும் என்று பார்த்த பிறகுதான் மீதிப் பாதி தெரியவரும்.

முதலில் ஓலை. எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குத் தனியாக நிறம் கிடையாது. கீறலில் மை தடவித் துடைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். மை உதிர்ந்துபோன ஓலையை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் வெறும் பழுப்புப் பட்டைதான் படத்தில் விழும். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்தால் கீறலின் ஒரு கரை மின்னும், மறுகரை நிழலாகும், எழுத்து எழும்பி வரும். ஆனால் ஒரு திசை வெளிச்சத்தில் எல்லாக் கோடும் தெரியாது. விளக்குக்குக் குறுக்கே போகும் கீறல் பளிச்சென்று வரும், அதே திசையில் ஓடும் கீறல் மறைந்துகொள்ளும். அதனால் கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் சுற்றிச் சுற்றி வைத்து ஒரே பக்கத்தைப் பல படமாக எடுத்து, கணினியில் ஒன்றாக இணைக்கும் முறை ஒன்று உண்டு. 2001-இல் ஹெச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட வழி அது. இணைத்த பிறகு திரையில் மவுஸை நகர்த்தினால் வெளிச்சம் நகரும். நேரில் படிக்க முடியாத வரி ஒன்று அப்படி மெல்லத் துலங்குவதைப் பார்த்தவர் இந்த வேலையை விடமாட்டார்.

இதன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் படம் ஒன்றைச் சுருக்காமல் 16 பிட் டிஃப் கோப்பாக வைத்தால் சுமார் 144 எம்பி. 150 ஓலை உள்ள ஒரு கட்டுக்கு இரு பக்கமும் சேர்த்து 300 படம், அதாவது 43 ஜிபி. விளக்கைச் சுற்றும் முறையில் ஒரு பக்கத்துக்கே 48 படம் எடுத்தால் அந்த ஒரு பக்கம் மட்டும் 7 ஜிபியைத் தொடும். எல்லாக் கட்டுக்கும் அப்படி எடுக்க வேண்டியதில்லை. மை போன ஓலைகளுக்கு மட்டும் போதும். அப்படியும் ஒரு மடத்துச் சுவடிகள் என்று ஆரம்பித்தால் பேச்சு டெராபைட்டில்தான். இந்த வேலைக்கு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. நிறைய ஹார்ட் டிஸ்க் மாட்ட இடமும், படத்தைத் திறந்து மூட வேகமான ஒரு எஸ்எஸ்டியும், நிறத்தை உண்மையாகக் காட்டும் நல்ல மானிட்டரும் வேண்டும். பிராசசர் நடுத்தரமாக இருந்தால் போதும்.

இரண்டாவது பாறை. செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாகப் பாறையில் புடைப்பாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி ஆசிரியரைச் சொல்லும் பழைய கல்வெட்டும் அங்கே இருக்கிறது. வட்டெழுத்தின் தொடக்க வடிவத்தை ஆராய்கிறவர்களுக்கு அது முக்கியமான சான்று. இந்தப் பாறை முகத்தை எல்லாக் கோணத்திலிருந்தும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதிரி சில நூறு படங்கள் எடுத்தால், அவற்றிலிருந்து முப்பரிமாண உருவத்தைக் கணினி கட்டித் தரும். போட்டோகிராமெட்ரி என்பது இதுதான். (2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து ஒன்றே ஒன்றாக, யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய செஞ்சிக் கோட்டையையும் இப்படி எடுக்க ஆசை வரும். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அனுமதி வாங்காமல் டிரோனை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.)

போட்டோகிராமெட்ரியில் கணினி படும் பாடு படிப்படியாக மாறும். முதலில் ஒவ்வொரு படத்திலும் தனித்து அடையாளம் தெரியும் புள்ளிகளைத் தேடி, எந்தப் படத்தின் எந்தப் புள்ளி வேறு எந்தப் படத்தில் இருக்கிறது என்று பொருத்தும். பிறகு ஒவ்வொரு படமும் எங்கே நின்று எடுக்கப்பட்டது என்பதைக் கணக்கிடும்; இதில் சுமை பெரும்பாலும் பிராசசருக்கு. அடுத்து ஒவ்வொரு படத்துக்கும் ஆழ வரைபடம் போடும். இங்கே கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சாக ஓடும். மெஷ்ரூம், கோல்மேப் போன்ற இலவச மென்பொருள்களில் இந்தக் கட்டத்துக்கு என்விடியா கார்டே வேண்டும். கடைசியில் கோடிக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்து வலையாகப் பின்னும்போது ரேம் நிரம்பும். ரேம் போதாவிட்டால் வேலை மெதுவாகும் என்பது மட்டுமல்ல, பல நேரம் நடு இரவில் பிழைச் செய்தி ஒன்றைக் காட்டிவிட்டு நின்றே போகும். விடிந்து வந்து பார்க்கிறவருக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

ஆக, ஒரே வட்டாரத்தில், ஒரே மனிதர் செய்யக்கூடிய இரண்டு வேலைகள் இரண்டு வெவ்வேறு கணினிகளைக் கேட்கின்றன. கம்பெனிக்காரர்கள் தயாரிப்பது இந்த இரண்டில் எதற்கும் அல்ல. பல ஆயிரம் பேர் வாங்கக்கூடிய நடுவாந்தரமான ஒன்றைச் செய்கிறார்கள். விளையாட்டுக்கென்று விற்கும் கணினியில் பெரிய கார்டு இருக்கும், ஆனால் பெரும்பாலும் ரேம் 16 ஜிபியோடு நிற்கும், ஹார்ட் டிஸ்க் மாட்ட இடம் குறைவாக இருக்கும். ஆபீஸ் கணினியில் கார்டு மாட்ட இடம் இருந்தாலும் அதை ஓட்டும் சக்தி, மின்சாரத்தைப் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இருக்காது.

வேலையின் வடிவத்துக்கு ஏற்பக் கணினியைக் கட்டுவது என்றால் என்ன என்பதற்குச் சென்னையிலேயே அருமையான சான்று உண்டு. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004-இல் கப்ரு என்ற கணினியைக் கட்டியது. சந்தையில் கிடைத்த ஜியான் பிராசசர்களை, கணுவுக்கு இரண்டாக, 144 கணுக்களில் (அதாவது தனித்தனிக் கணினிகளில்) வைத்து இணைத்தார்கள். அணுக்கருவுக்குள் இருக்கும் விசைகளை ஆராய, வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுவது அவர்கள் வேலைகளில் ஒன்று. அந்தக் கணக்கில் ஒரு கட்டம் பெரும்பாலும் பக்கத்துக் கட்டங்களோடு மட்டும்தான் பேச வேண்டும். எனவே ஒவ்வொரு கணுவும் தன் அண்டைக் கணுக்களோடு வேகமாகப் பேசுகிற முப்பரிமாணப் பின்னலாக இணைப்பை அமைத்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் உலகின் 500 அதிவேகக் கணினிகளின் பட்டியலில் கப்ரு இடம்பெற்றது. இதில் நான் மதிப்பது அந்த இடத்தைவிட, கணக்கின் வடிவத்தைப் பார்த்து இணைப்பின் வடிவத்தைத் தீர்மானித்த தெளிவைத்தான்.

கணினியை நாமே கட்ட வைக்கும் இன்னொரு வகைக் கட்டாயமும் உண்டு. 1980-களில் இந்தியா அமெரிக்காவின் கிரே சூப்பர் கணினியை வாங்கக் கேட்டபோது தடை வந்தது. 1988-இல் புனேயில் சி-டாக் என்ற அரசு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டு, விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் பரம் 8000 சூப்பர் கணினி வெளிவந்தது. அதுவும் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்த கணினி அல்ல. இங்கிலாந்தின் இன்மாஸ் நிறுவனத்துச் சில்லுகளை வாங்கி, நூற்றுக்கணக்கில் சேர்த்து வேலைவாங்கும் அறிவைத்தான் இங்கே உருவாக்கினார்கள். பாகங்கள் எப்போதும் யாரிடமாவது வாங்கியவைதான். அவற்றைச் சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் வேறுபாடு வருகிறது. அந்தப் பொறுப்போடு நன்மையும் வரும், தொல்லையும் வரும்.

நன்மையை ஒரு சிறிய இடத்தில் காட்டுகிறேன். 64 ஜிபி ரேம் வேண்டுமென்றால் 16 ஜிபி குச்சி நான்கு போடலாம், 32 ஜிபி குச்சி இரண்டு போடலாம். கூட்டினால் ஒன்றுதான். ஆனால் ஏஎம்டியின் ரைசன் 7000 பிராசசர் வரிசையில் டிடிஆர்5 குச்சி இரண்டு போட்டால் நிறுவனம் உறுதி சொல்லும் வேகம் 5200. நான்கு போட்டால் 3600-க்கு இறங்கிவிடும். நாளைக்கு 128 ஜிபி ஆக்கலாம் என்று இன்றைக்கு இரண்டு குச்சி வாங்குகிறவர் இதையும் தெரிந்து வாங்க வேண்டும். பிராண்டட் கணினியின் விளம்பரத்தில் “64 ஜிபி ரேம்” என்று மட்டும்தான் இருக்கும். எத்தனை குச்சி, எந்த எஸ்எம்பிஎஸ், மதர்போர்டில் இன்னும் எத்தனை ஸ்லாட் காலி என்பதெல்லாம் திறந்து பார்த்தால்தான் தெரியும். சில கம்பெனிக் கணினிகளில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அவர்களே வகுத்த அளவில், அவர்களே வகுத்த இணைப்போடு இருக்கும். மூன்று வருடம் கழித்துப் பெரிய கார்டு ஒன்று மாட்ட நினைத்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது.

தொல்லை எங்கே என்றால், கணினி நிற்கும் நாளில். பட்டனை அழுத்துகிறோம், ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. ரேம் போயிருக்கலாம், கார்டு போயிருக்கலாம், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, எதுவாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரே வழி ஒவ்வொன்றாகக் கழற்றி, நன்றாக இருப்பதாகத் தெரிந்த வேறொன்றை மாட்டிப் பார்ப்பது. சென்னை ரிச்சி தெருவில் இது ஒரு மணி நேர வேலை, ஏனென்றால் கடைக்காரர் மேசையிலேயே எல்லாப் பாகமும் கிடக்கும். மேல்சித்தாமூரில் மாட்டிப் பார்க்க இன்னொரு டிடிஆர்5 குச்சிக்கு எங்கே போவது? பழுதைக் கண்டுபிடித்தாலும் ரேமுக்கு ஒரு கம்பெனி வாரண்டி, கார்டுக்கு இன்னொன்று, மதர்போர்டுக்கு மற்றொன்று. ஒவ்வொரு சர்வீஸ் சென்டரும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். பில்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பெட்டி இல்லாத டிரே பிராசசரை விலை குறைவென்று வாங்கியிருந்தால் தயாரித்த கம்பெனியின் வாரண்டி கிடைக்காமலும் போகலாம்.

வொர்க்ஸ்டேஷன் என்ற பெயரில் பெரிய கம்பெனிகள் விற்கும் கணினிகளுக்கு மூன்று வருடம், வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டி தருகிறார்கள். எந்தப் பாகம் போனது என்று நாம் தேட வேண்டியதில்லை; போன் செய்தால் போதும். பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி ரேமும் பல மாடல்களில் உண்டு. இதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் “வீட்டுக்கே வருவோம்” என்ற வாக்குறுதி எந்த ஊர் வரை நீளும் என்பதைப் பணம் கட்டும் முன்பே, உங்கள் பின்கோடைச் சொல்லி, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மறுநாள் வருவோம் என்பது நகரத்துக்கு மட்டும் சொன்ன வார்த்தையாக இருக்கலாம். டெல் நிறுவனத்துக்கு 2007 முதலே ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை உண்டு. தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் சர்வீஸும் பக்கத்தில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

கரண்ட் விஷயம் இரண்டுக்கும் பொது, ஆனால் அசெம்பிள் செய்கிறவர்தான் இதில் அதிகம் கோட்டைவிடுகிறார். நெல் வயலும் பம்ப்செட்டும் நிறைந்த ஊர்ப்பக்கத்தில் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது டியூப்லைட் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 16 கோர் ரைசன் 9 7950எக்ஸ் பிராசசர் முழு வேகத்தில் 230 வாட் வரை இழுக்கும். 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு 180 வாட். மற்றவையும் சேர்ந்தால் மொத்தம் 500 வாட்டை நெருங்கிவிடும். கடையில் சாதாரணமாகத் தரும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட்தான். அதாவது கரண்ட் போகிற அந்த நொடியிலேயே யுபிஎஸ்ஸும் கணினியும் சேர்ந்து அணையும், இரவெல்லாம் ஓடிய கணக்கு போகும். பட்ஜெட்டில் முதலில் ஆன்லைன் யுபிஎஸ்ஸையும், நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸையும், ஒழுங்கான எர்த்தையும் எழுதிவிட்டு மீதிப் பணத்தில் பிராசசர் பார்ப்பதே சரி. அக்னி நட்சத்திரத்தில் அறையே 40 டிகிரியைத் தொடும். 7950எக்ஸை பயாஸில் ஈகோ மோடில் 105 வாட் அளவுக்கு இறக்கி வைத்தால் வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நிறையக் குறையும். இரவில் ஓடுகிற வேலைக்கு அந்த வேக இழப்பு ஒரு பொருட்டே அல்ல.

விலைக்கு வருவோம். பாகத்துக்கும் முழுக் கணினிக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். வரியில் லாபம் இல்லை. அசெம்பிள் செய்வதில் மிச்சமாவது கம்பெனியின் லாபமும் அந்த வாரண்டியின் விலையும். விண்டோஸ் லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்தால் மிச்சம் இன்னும் சுருங்கும். லினக்ஸ் பழகியவருக்கு அந்தச் செலவில்லை. இது நிலையான கணக்கும் அல்ல. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் சில்லறை வாடிக்கையாளருக்கான தன் க்ரூஷியல் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில், ஒப்பந்த விலையில் முன்பே ரேம் வாங்கி வைத்திருக்கும் கம்பெனியின் முழுக் கணினி, பாகம் பாகமாக வாங்குவதைவிட மலிவாகவே கிடைக்கக்கூடும். வாங்குகிற வாரத்தில் இரண்டையும் விசாரிக்காமல் “அசெம்பிள்தான் மலிவு” என்று கிளம்புவது பழைய பஞ்சாங்கம்.

மூன்றாவது வழி ஒன்றைப் பலர் நினைப்பதே இல்லை. பெரிய ஐடி கம்பெனிகள் குத்தகை முடிந்து கழித்துவிட்ட வொர்க்ஸ்டேஷன்கள் ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் விற்பனைக்கு வருகின்றன. பழைய ஜியான் பிராசசர், ஈசிசி ரேம், நான்கைந்து ஹார்ட் டிஸ்க் மாட்ட இடம், தடிமனான கேபினெட். ஓலைச்சுவடி வேலைக்கு இது கச்சிதம் என்பது என் எண்ணம். சேமித்த பணத்தை நல்ல மானிட்டருக்கும் கூடுதல் ஹார்ட் டிஸ்குக்கும் போடலாம். ஹார்ட் டிஸ்க் மட்டும் புதிதாக வாங்க வேண்டும். பாறை வேலைக்கு இதை நம்ப வேண்டாம். பழைய எஸ்எம்பிஎஸ் புதிய கார்டைத் தாங்குமா என்ற கேள்வியிலேயே திட்டம் முட்டி நிற்கும்.

யார் வாங்குகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அரசுக் கல்லூரியோ துறையோ என்றால் அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளம், டெண்டர், தணிக்கை எல்லாம் உண்டு. பாகம் பாகமாக வாங்கிய பில்களை அங்கே நியாயப்படுத்துவது பெரும்பாடு. மடம், அறக்கட்டளை போன்ற இடங்களில் சட்டம் தடுக்காது, ஆனால் ஆள் மாறுவார்கள். ஆர்வத்தோடு கணினியைக் கட்டிய இளைஞர் வேலை கிடைத்து ஓசூருக்கோ துபாய்க்கோ போன பிறகு, அந்தக் கேபினெட்டைத் திறக்கத் தைரியம் உள்ளவர் அங்கே யாரும் இருக்கமாட்டார். அங்கே முழுசாக, வாரண்டியோடு வாங்குவதே நல்லது. தனி மனிதராக, அடுத்த ஐந்து வருடமும் அந்த மேசையில் தானே உட்காரப்போகிறவர் என்றால் அசெம்பிள் செய்யட்டும். பழுது வந்தால் கண்டுபிடிக்கும் பழக்கமும் அவருக்குக் கூடவே வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், பாகங்களின் பட்டியலை நாமே எழுதிக்கொடுத்து, புதுச்சேரியிலோ விழுப்புரத்திலோ ஒரே டீலரிடம் ஒரே பில்லில் வாங்கி, அவரையே பூட்டித் தரச் சொல்வது இந்த வட்டாரத்துக்கு மிகவும் ஏற்றது. திரை கறுப்பானால் கணினியைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்துக்கொண்டு போக ஓர் இடம் இருக்கும், மாட்டிப் பார்க்கப் பாகமும் அவரிடம் இருக்கும்.

வாடகைக் கணினி, அதாவது கிளவுட், பற்றிக் கேட்பார்கள். நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஏற்றினாலும் மேலே சொன்ன 43 ஜிபிக்கு ஐந்து மணி நேரம் ஆகும், அதுவும் இணைப்பு அறுபடாமல் இருந்தால். எப்போதாவது ஒரு பெரிய பாறை மாதிரியை முடிக்க உதவும். தினசரி வேலைக்கு ஆகாது.

எந்த வழியில் போனாலும் படங்கள் மூன்று இடத்தில் இருக்க வேண்டும்: கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. கணினியைத் திரும்ப வாங்கலாம். பூச்சி அரித்து உதிர்ந்த ஓலையின் ஒரே படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே பணம் போதாதென்றால் பிராசசரில் ஒரு படி இறங்கி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு சோதனை செய்யலாம். ஒரு சுவடிக்கட்டின் படங்களையும், திருநாதர்குன்றில் எடுத்த முந்நூறு படங்களையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக்கொண்டு, ஓரளவு நல்ல கணினி வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்குப் போங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு வேலையை ஓட விடுங்கள். எந்தக் கட்டத்தில் ரேம் நிரம்பியது, கார்டின் மெமரி எவ்வளவு போனது, பிராசசர் எவ்வளவு நேரம் சும்மா இருந்தது, கோப்புகள் கடைசியில் எவ்வளவு இடம் பிடித்தன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிராண்டட் விற்கும் கடையிலும் அசெம்பிள் செய்யும் டீலரிடமும் அதே தாளைக் காட்டி விலை கேளுங்கள்.